சிங்குக்கு அடியில் இடம் போதவில்லையா? கார்பேஜ் டிஸ்போசல் வடிகால் குழாய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் பலர் முதலில் கை வைப்பது சமையலறையில்தான். குக்கரும் இட்லிப் பானையும் படுக்க வைத்துக் கழுவும் அளவுக்கு ஆழமான சிங்க் வேண்டும், அதற்குக் கீழே உணவுக் கழிவை அரைத்து வடிகாலில் விடும் வலுவான டிஸ்போசலும் வேண்டும். இரண்டையும் வாங்கி வந்த பிறகுதான் தெரியும், சிங்க் கேபினட்டுக்குள் குழாய் போக வழியே இல்லை என்று. அந்த நெருக்கடியில் எழும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். நான் சொல்வது அமெரிக்க வீடுகளுக்கும் அங்குள்ள குழாய் அளவுகளுக்கும் பொருந்தும்.

டிஸ்போசல் எப்படி வேலை செய்கிறது? அதற்கும் வடிகால் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

உள்ளே மிக்ஸி மாதிரி கத்தி இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கத்தி கிடையாது. வேகமாகச் சுழலும் ஒரு தட்டும் அதன்மேல் ஆடும் இரண்டு உலோகக் கட்டைகளும் இருக்கின்றன. உணவை அவை சுற்றியிருக்கும் சொரசொரப்பான வளையத்தின் மீது வீசித் தேய்க்கின்றன. தூளானது தண்ணீரோடு சேர்ந்து பக்கவாட்டில் இருக்கும் வாய் வழியாக வெளியேறும். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் இதை உருவாக்கினார். 1938இல் அவர் தொடங்கிய இன்சிங்கரேட்டர் நிறுவனத்தின் பெயர் இன்றும் பல வீட்டு சிங்குக்கு அடியில் இருக்கிறது.

சாதாரண சிங்கில் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். டிஸ்போசல் வைத்தால் தண்ணீர் வெளியேறும் இடம் ஆறேழு அங்குலம் கீழே போய்விடும், பக்கவாட்டிலும் திரும்பிவிடும். இடம் போதாத சிக்கல் எல்லாமே இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் வருகிறது.

வாங்குவதற்கு முன் என்னென்ன அளக்க வேண்டும்?

மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். டேப்பை எடுத்துக்கொண்டு கேபினட்டுக்குள் தலையை விடுங்கள். முதலில் வேண்டியது தரையிலிருந்து சுவரில் இருக்கும் வடிகால் குழாயின் நடுமையம் வரை உள்ள உயரம். கேபினட்டின் அடிப்பலகையிலிருந்து அளந்தால், அந்தப் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதை மறந்தால் கணக்கு நாலைந்து அங்குலம் தவறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்கச் சமையல் மேடை தரையிலிருந்து 36 அங்குல உயரம். கிரானைட் பலகை 1¼ அங்குலம். அதன் அடியில் ஒட்டும் வகை சிங்க், 10 அங்குல ஆழம். அப்படியானால் சிங்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 24¾ அங்குலத்தில் இருக்கும். டிஸ்போசலின் வாய் சிங்கின் அடியிலிருந்து 6¾ அங்குலம் கீழே என்று வைத்துக்கொண்டால், வாயின் உயரம் 18 அங்குலம். அங்கிருந்து எல்போ என்ற வளைவுக்குழாய் இறங்கி, தண்ணீர் தேங்கும் யு வளைவான ட்ராப்புக்குள் போய்த் திரும்பக் குறைந்தது 3 அங்குலம் வேண்டும். ஆக, சுவர்க் குழாய் 15 அங்குலத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தால்தான் தண்ணீர் தானாக ஓடும்.

பழைய வீடுகளில் அந்தக் குழாய் 18, 19 அங்குலத்தில் இருப்பது சகஜம். பழைய சிங்க் மேடையின் மேல் உட்காரும் வகை, 7 அங்குல ஆழம்தான். அதே கணக்கைப் போட்டால் 19 அங்குலக் குழாய்க்கு அது சரியாக இருந்திருக்கும். "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்று பலர் குழம்புவது இதனால்தான். மாறியது சிங்கின் ஆழம்.

ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி ஒரு அளவுத்தாள் வெளியிடும். மொத்த உயரம், விட்டம், சிங்கின் அடியிலிருந்து வாயின் நடுமையம் வரை உள்ள தூரம் ஆகியவை அதில் இருக்கும். மூன்றாவது அளவுதான் நமக்கு உயிர். இன்சிங்கரேட்டரின் பேட்ஜர் 5 போன்ற அரைக் குதிரைத்திறன் மெஷின் 11½ அங்குல உயரமும் ஆறேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான விட்டமும் கொண்டது. ஒரு குதிரைத்திறன் மெஷின்கள் பல இதைவிடத் தடிமன், வாயும் இன்னும் கீழே இருக்கும். இடம் குறைவு என்றால் சத்தம் குறைந்த பெரிய மெஷின் மீதான ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சின்ன மெஷின் நாலு பேர் இருக்கும் வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

அளந்துவிட்டேன். சுவர்க் குழாய் டிஸ்போசலின் வாயைவிட உயரத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். குழாயை மேல்நோக்கி ஏற்றிச் சுவரில் செருகாதீர்கள். மெஷின் தண்ணீரைத் தள்ளிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது அரைக்கும் இயந்திரம், பம்ப் இல்லை. தண்ணீர் சுவர்க் குழாயின் மட்டம் வரை மெஷினுக்குள்ளேயே நிற்கும். அரைத்த சோறும் பருப்பும் அதில் ஊறும். இரண்டு நாளில் நாற்றம், ஓரிரு வருடத்தில் உள்ளே துரு, அப்புறம் அடிப்பக்கம் ஒழுகல்.

செய்யக்கூடியவை மூன்று. ஆழம் குறைந்த சிங்க் வாங்கலாம். மேலே சொன்ன கணக்கில் 10 அங்குலத்தை 8 ஆக்கினால் 2 அங்குலம் கிடைக்கும், அதாவது 17 அங்குலக் குழாய்க்குச் சரியாகிவிடும். அல்லது வாய் மேலே இருக்கும் மெஷினாகத் தேடலாம். இதில் ஒன்றரை அங்குலம் வரை மிச்சம் பிடிக்க வாய்ப்புண்டு. இரண்டும் போதவில்லை என்றால் சுவருக்குள் இருக்கும் குழாயைத்தான் கீழே இறக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் மூன்றிலும் நிரந்தரமான தீர்வு அதுதான். கேபினட்டின் பின்பலகையில் ஒரு சதுரம் வெட்டி, அதன் பின்னால் இருக்கும் டிரைவால் என்ற சுவர்ப்பலகையையும் வெட்டினால் செங்குத்துக் குழாய் தெரியும். அதிலிருந்து சானிட்டரி டீ என்ற மூன்று வாய் இணைப்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுத்து, நாலைந்து அங்குலம் கீழே புது டீ வைத்து, மேலே விட்ட இடைவெளியை நேர்க்குழாயால் இணைக்க வேண்டும். மேல்பக்கம் போகும் குழாய் காற்றுக் குழாய், அதாவது வென்ட். அதை எந்தக் காரணம் கொண்டும் அடைத்துவிடக் கூடாது. டீயின் வளைவு கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும், தலைகீழாக ஒட்டிவிட்டால் தண்ணீர் தடுமாறும். வெட்டிய சுவர் கேபினட்டுக்குள் மறைந்திருப்பதால் பூச்சு வேலைகூட அதிகம் தேவைப்படாது. பிளம்பரை அழைத்தாலும் சிங்க் மாற்றும் அன்றே இதையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். மேடை போட்டு முடிந்தபின் செய்தால் குனிந்து படுத்துச் செய்ய வேண்டியிருக்கும், கூலியும் கூடும்.

பழைய வீட்டில் சுவருக்குள் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இருந்தால் இன்னொரு விஷயம். அதன் உட்புறம் துருவும் கொழுப்பும் ஏறிச் சுருங்கிப்போயிருக்கும். அதில் டிஸ்போசலை மாட்டினால் அடைத்துக்கொண்டே இருக்கும். முடிந்த தூரம் வரை பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிட்டு மெஷினை மாட்டுங்கள்.

ட்ராப் இல்லாமல் நேராகச் சுவருக்குள் விட்டால் இடம் மிச்சமாகுமே?

மிச்சமாகும், சாக்கடைக் காற்றும் சமையலறைக்கு வரும். பி-ட்ராப்பின் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அந்தக் காற்றுக்குக் கதவு. அந்தத் தண்ணீரின் ஆழம் 2 முதல் 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ட்ராப்பிலிருந்து நேராகத் தரைக்குள் இறங்கும் எஸ்-ட்ராப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. புதிதாகப் போட அனுமதி இல்லை. தொட்டி நிறைய தண்ணீர் வேகமாக இறங்கும்போது தேங்கிய தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

டிஸ்போசலின் வாயிலிருந்து ட்ராப் வரை செங்குத்தாக 24 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. ட்ராப்பிலிருந்து சுவருக்குப் போகும் கிடைக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். அதிகச் சரிவும் கெடுதல். மொத்தத்தில் அந்தக் குழாயின் விட்டத்துக்கு மேல் இறங்கினால் ட்ராப் வற்றிப்போகும். வென்ட் வரை அதிகபட்ச நீளம் 1½ அங்குலக் குழாய்க்குச் சில மாநிலங்களில் 3½ அடி, வேறு சிலவற்றில் 6 அடி. உங்கள் ஊர் எந்தச் சட்டத்தைப் பின்பற்றுகிறது என்று நகராட்சியின் கட்டட அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

கடையில் வளைந்து கொடுக்கும் குழாய் விற்கிறார்கள். அதை மாட்டினால் ஐந்து நிமிட வேலைதானே?

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் அரைத்த தூள் தங்கும். வெறும் தண்ணீர் போகும் வாஷ்பேசினிலேயே அது அழுக்குப் பிடிக்கும். டிஸ்போசலில் கேட்கவே வேண்டாம், மடிப்புகளில் சோறும் எண்ணெயும் சேர்ந்து களியாகிவிடும். உள்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான ஊர்களில் சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. வீட்டை விற்கும்போது ஆய்வுக்கு வருபவர் முதலில் குறித்துக்கொள்வதும் இதைத்தான்.

அந்தக் குழாய் செய்யும் வேலை எல்லாவற்றையும் சாதாரணப் பிளாஸ்டிக் துண்டுகளால் செய்யலாம். அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

சுவர்க் குழாய் நேரெதிரே இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. எப்படி இணைப்பது?

நல்ல செய்தி என்னவென்றால், உயரம் சரியாக இருந்தால் பக்கவாட்டுத் தூரத்துக்குப் பெரும்பாலும் வழி உண்டு. அதற்கு மூன்று சுழற்சிகள் உங்கள் கையில் இருக்கின்றன.

முதலாவது மெஷினே. மேலே மாட்டும் வளையத்தில் இறுக்குவதற்கு முன் அதன் வாயை எந்தத் திசைக்கும் திருப்பலாம். பழைய மெஷினின் வாய் வலப்பக்கம் இருந்தது என்பதால் புதியதும் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாவது ட்ராப்பின் யு வளைவு. அதன் மேல் நட்டைத் தளர்த்தினால் வளைவு முழு வட்டமும் சுற்றும். மெஷினிலிருந்து இறங்கும் குழாய்க்கு முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ அதை வைக்கலாம். மூன்றாவது, ட்ராப்பிலிருந்து சுவருக்குப் போகும் கைக்குழாய். யு வளைவின் மறுமுனையில் அதுவும் ஒரு நட்டில்தான் சுற்றுகிறது. யு வளைவை ஒரு பக்கம் திருப்பி, கைக்குழாயை மறுபக்கம் திருப்பினால், இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள கோணல் தூரம் கூடிக் குறையும். முழங்கை, மணிக்கட்டு போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளைக் கையால் லேசாக மாட்டிக்கொண்டு, இந்த மூன்றையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தால், குழாய்கள் தாமாகப் போய் உட்காரும் ஒரு நிலை கிடைக்கும்.

அதிலும் எட்டவில்லை என்றால் 45 டிகிரி வளைவுகள் வாங்குங்கள். ஒரு 90 டிகிரி வளைவுக்குப் பதில் இரண்டு 45 வைத்தால் தூளும் தங்காமல் ஓடும்.

வடிகால் துளை பின்மூலையில் இருக்கும் சிங்க்கள் இப்போது அதிகம் விற்கின்றன. முன்பக்கம் இடம் கிடைக்கும் என்பது அவற்றின் சிறப்பு. ஆனால் மெஷின் சுவரை ஒட்டிப் போய்விடுவதால், அதன் பின்னால் ட்ராப் வைக்க இடமே இருக்காது. அங்கே வாயைச் சுவரைப் பார்த்துத் திருப்பாமல் பக்கவாட்டில் திருப்பி, ட்ராப்பைச் சுவருக்கு இணையாகப் படுக்கப் போடுங்கள். மெஷினோடு வரும் எல்போவுக்குப் பதிலாக நேர்க்குழாய் ஒன்றை வாயில் மாட்டி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் இறக்குவதும் உதவும். அதற்கும் சரிவு மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ட்ராப்பை மெஷினின் அடிக்கு நேர் கீழே கொண்டுபோகாதீர்கள். மெஷின் சிக்கிக்கொண்டால் அதன் அடிமையத்தில் இருக்கும் துளையில் கால் அங்குல ஆலன் கீயை விட்டுத் திருப்ப வேண்டும். மறுபடி ஓட வைக்கும் சிவப்புப் பொத்தானும் அடியில்தான் இருக்கும். கையும் சாவியும் நுழையும் அளவுக்கு அங்கே காலி இடம் விடுங்கள்.

இரட்டைத் தொட்டி சிங்க். ஒரு பக்கம் மட்டும் டிஸ்போசல். இரண்டுக்கும் தனித்தனி ட்ராப் வேண்டுமா?

பெரும்பாலான ஊர்களில் ஒரே ட்ராப் போதும், சில இடங்களில் டிஸ்போசலுக்குத் தனி ட்ராப் கேட்பார்கள். ஒரே ட்ராப் என்றால் இரண்டையும் இணைக்கும் டீயைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். உள்ளே ஒரு தடுப்பு நாக்கு இருக்கும் டீயாக இருக்கட்டும். தடுப்பு இல்லாத டீயில், மெஷின் ஓடும் வேகத்தில் தூள்தண்ணீர் அடுத்த தொட்டியில் பொங்கி வரும். கழுவி வைத்த தட்டுகளின் மேல் அரைத்த காய்த்தோல் மிதப்பதைப் பார்த்தால், டீயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இடம் ரொம்ப நெருக்கம் என்றால், நடுவில் சேரும் டீயைவிட, ஒரு ஓரமாகச் சேரும் இணைப்புக் குழாய் வசதி. மற்றத் தொட்டியின் குழாய் மெஷின் பக்கம் வந்து சேர்ந்து ஒன்றாக இறங்கும், நடுவில் குப்பை வாளிக்கு இடம் கிடைக்கும். புதுச் சிங்க் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒற்றைத் தொட்டிதான். அடியில் பாதிக் குழாய்கள் தானாகக் குறைந்துவிடும்.

டிஷ்வாஷர் குழாயை எங்கே மாட்டுவது?

மெஷினின் மேல்பகுதியில் அதற்கென்று ஒரு சின்ன வாய் இருக்கும். புது மெஷினில் அது உள்ளே அடைப்போடு வரும். டிஷ்வாஷர் இணைக்கப்போகிறீர்கள் என்றால், மெஷினை மாட்டுவதற்கு முன்பே அதைத் தரையில் படுக்க வைத்து, ஸ்க்ரூடிரைவரை அடைப்பின் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். துண்டு உடைந்து உள்ளே விழும். அதை வெளியே எடுக்காமல் விட்டால் முதல் முறை ஓட்டும்போதே மெஷின் மாட்டிக்கொள்ளும். மெஷினைக் கவிழ்த்து, துண்டு கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்தபின் மாட்டுங்கள். அடைப்பை எடுக்க மறந்தாலோ டிஷ்வாஷர் தண்ணீர் வடியாமல் உள்ளேயே நிற்கும்.

ஹோஸ் அங்கே நேராக வரக் கூடாது. முதலில் மேடையின் அடிப்பக்கம் வரை உயரமாக ஏற்றி, ஒரு கிளிப்பால் பிடித்து, பிறகு இறக்க வேண்டும். சிங்கின் அழுக்குத் தண்ணீர் டிஷ்வாஷருக்குத் திரும்பாமல் அந்த உயரம் தடுக்கும். கலிஃபோர்னியாவில் இது போதாது. சிங்குக்கு மேல் தெரியும்படி ஏர் கேப் என்ற சிறு உருளையைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புது மேடையில் துளை போடும்போதே அதற்கும் ஒரு துளை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இறுக்கினாலும் நட்டில் சொட்டுகிறது. ஏன்?

அதிகம் இறுக்கியதால்கூட இருக்கலாம். பிளாஸ்டிக் நட்டைக் கையால் முடிந்த வரை திருகி, அதன்பிறகு இடுக்கியால் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் நட்டு விரியும் அல்லது வாஷர் பிதுங்கும்.

நட்டுக்குள் இருக்கும் வாஷரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூம்பாகச் சரிந்திருக்கும். நட்டு திருகப்படும் வாயைப் பார்த்துக் கூம்புப் பக்கம் இருக்க வேண்டும், தட்டைப் பக்கம் நட்டை ஒட்டி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். அதுவும் சரி என்றால் குழாயின் வெட்டைப் பாருங்கள். கோணலாக வெட்டிய குழாய் உள்ளே சரியாக உட்காராது. ரம்பத்தால் வெட்டியபின் விளிம்பில் நிற்கும் பிசிறுகளைக் கத்தியால் சுரண்டி எடுங்கள், உணவுத்தூள் மாட்டுவது அங்கேதான்.

பெரும்பாலானோர் கவனிக்காத காரணம் ஒன்று இருக்கிறது. குழாய் கொஞ்சம் குட்டையாக இருக்கும், இழுத்துப் பிடித்து நட்டைப் போட்டிருப்பார்கள். அன்று சொட்டாது. மெஷின் அதிர அதிர, இழுப்பில் இருக்கும் குழாய் மெல்ல வெளியே வந்து ஒரு வாரம் கழித்துச் சொட்டும். ஒவ்வொரு துண்டும் எதிர்த்துண்டுக்குள் குறைந்தது முக்கால் அங்குலமாவது போய், எந்த இழுப்பும் இல்லாமல் நிற்க வேண்டும். நட்டைக் கழற்றியதும் குழாய் தானாக விலகி ஓடினால் அது தவறான நீளம். புதுத் துண்டு வாங்குங்கள், சில டாலர்தான்.

சுவரில் கறுப்புக் குழாய், நான் வாங்கியது வெள்ளை. ஒட்டலாமா?

கறுப்பு ஏபிஎஸ், வெள்ளை பிவிசி, இரண்டும் வெவ்வேறு பிளாஸ்டிக். நேரடியாக ஒட்டாதீர்கள். உலோகப் பட்டை சுற்றிய ரப்பர் கப்ளிங்கால் இணைக்கலாம். சிங்குக்கு அடியில் மட்டும் என்றால் அந்தச் சிக்கலே வராது. சுவரிலிருந்து நீட்டும் குழாயின் முனையில் அதே வகையைச் சேர்ந்த ட்ராப் அடாப்டர் ஒன்றை ஒட்டிவிட்டால், அதற்குப் பிறகு எல்லாம் நட்டும் வாஷரும்தான்.

சிங்கின் துளையில் உட்காரும் வாய்வளையத்துக்குப் புட்டியா, சிலிக்கானா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பிளம்பர் புட்டி. விரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி வளையத்தின் அடியில் சுற்றி வைத்து அழுத்துங்கள். பிதுங்கி வருவதைத் துடைத்துவிடலாம். கல், குவார்ட்ஸ் கலவை சிங்க் என்றால் சிலிக்கான். புட்டியில் இருக்கும் எண்ணெய் கல்லில் ஊறிக் கறையாகிவிடும்.

மெஷின் கனமாக இருக்கிறது. குறுகிய இடத்தில் ஒரு ஆளாக எப்படி மாட்டுவது?

மெஷினைத் தாங்கும் வளையத்தையும் அதன் மூன்று திருகுகளையும் முதலில் சிங்கின் அடியில் முழுதாக மாட்டிவிடுங்கள். வளையம் ஆடாமல் சமமாக இருக்கிறதா என்று மூன்று பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மெஷினை அடிப்பலகையில் வைத்து, அதன் கீழே தடித்த புத்தகங்களையோ பெயின்ட் டப்பாவையோ அடுக்கி உயர்த்துங்கள். வளையத்துக்கு அரை அங்குலம் கீழே மெஷின் வந்துவிட்டால் போதும், கடைசித் தூக்கலை ஒரு கையால் செய்துகொண்டு மறு கையால் பூட்டு வளையத்தைத் திருப்பலாம். மல்லாந்து படுத்து மார்பில் வைத்துத் தூக்குவதைத் தவிருங்கள்.

மின் இணைப்புக்கு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

120 வோல்ட், சாதாரண வீட்டு மின்சாரம்தான். கேபினட்டுக்குள் ஏற்கெனவே பிளக் பாயின்ட் இருந்தால் வயர் மாட்டிய மெஷினாக வாங்குங்கள். வயர் 18 முதல் 36 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். நீட்டிப்பு வயர் போட்டுச் சுற்றிக் கொண்டுவரக் கூடாது. குழாய்களுக்கு நேர் கீழே பிளக் பாயின்ட் இருந்தால் அதை இடம் மாற்றச் சொல்லுங்கள், அதுவும் எலெக்ட்ரீஷியனிடம். வேலை தொடங்கும் முன் பிரேக்கரை அணைத்துவிடுங்கள். சமையலறையின் நடுவில் தனியாக நிற்கும், சுவரில் சுவிட்ச் இல்லாத தீவு மேடை என்றால், மேடையில் பொத்தான் வைத்துக் காற்றால் அழுத்தும் ஏர் சுவிட்ச் கிடைக்கிறது, அது பாதுகாப்பானது.

தண்ணீர் ஃபில்டர், குப்பை வாளி, டிஸ்போசல் மூன்றுமே வேண்டும். நடக்குமா?

36 அங்குல அகலக் கேபினட் என்றால் நடக்கும். 30 அங்குலத்தில் கடினம். வடிகாலை முதலில் போடுங்கள், ஃபில்டரை அப்புறம் பக்கச் சுவரில் திருகி மாட்டலாம். ஃபில்டரின் குழாய் வளையும், வடிகால் வளையாது. ஆர்.ஓ. ஃபில்டரின் கழிவுத் தண்ணீர்க் கிளிப்பை, மெஷினின் வாய்க்கும் ட்ராப்புக்கும் இடையே மாட்டாதீர்கள், அதன் சின்னத் துளை தூளால் அடைபடும். இரட்டைத் தொட்டி என்றால் மெஷின் இல்லாத தொட்டியின் குழாயில் மாட்டுங்கள்.

எங்கள் கட்டடத்தில் டிஸ்போசல் போட அனுமதி உண்டா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நியூயார்க் நகரின் பெரும்பகுதியில் 1997 வரை இதற்குத் தடையே இருந்தது. தடை நீங்கிய பிறகும் பழைய கட்டடங்கள் பலவற்றில் நிர்வாகம் அனுமதிப்பதில்லை, பொதுக் குழாய் அடைத்தால் கீழ் வீட்டுக்காரர் சிங்கில் பொங்கும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நகர வடிகால் இல்லாமல் செப்டிக் டேங்க் இருக்கும் வீட்டில் டேங்கில் கசடு சீக்கிரம் சேரும், அடிக்கடி எடுக்க வேண்டிவரும். அங்கே காய்கறிக் கழிவை உரக்குழியில் போடுவதே நல்லது.

நம் சமையலுக்கு இது தாங்குமா?

இதை எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். வளைவுகள் அதிகமுள்ள நெருக்கமான குழாய் என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

தட்டில் மிஞ்சும் சாம்பார்க் காய், பொரியல், தோசைத் துண்டு, தக்காளித் தோல் எல்லாம் போகும். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ நார், கீரைத் தண்டு, தேங்காய் நார், புளிச் சக்கை ஆகியவை வேண்டவே வேண்டாம். நார் அரைபடாது, சுழலும் தட்டில் சுற்றிக்கொள்ளும். அதிலிருந்து தப்பியதும் முதல் வளைவில் உருண்டையாகத் தங்கும். சோறு அரைபடும், ஆனால் ட்ராப்பில் தங்கினால் உப்பி மாவாகிவிடும். ஒரு பிடிக்கு மேல் என்றால் குப்பையில் போடுங்கள். டீத்தூளும் அப்படித்தான், அது மணல் மாதிரி அடியில் படியும். தாளித்த எண்ணெயையும் நெய்யையும் ஊற்றவே கூடாது. அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீரைத் திறந்து வையுங்கள். வெந்நீர் கொழுப்பை உருக்கிக் கொண்டுபோய்த் தூரத்தில் இறுக விட்டுவிடும், குளிர்ந்த தண்ணீரில் அது கட்டியாகவே அரைபட்டுப் போகும். அரைத்து முடிந்தபின் இன்னும் பதினைந்து இருபது விநாடி தண்ணீர் ஓடட்டும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. எப்படிச் சோதிப்பது?

குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தால் போதாது, மெல்லிய ஓட்டத்தில் எந்த இணைப்பும் சொட்டாது. சிங்கின் வாயை அடைத்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும், வாய்வளையம் கசிகிறதா என்று அப்போது தெரியும். பிறகு அடைப்பைச் சட்டென்று எடுத்து, மெஷினையும் ஓட விடுங்கள். மொத்த எடையோடு தண்ணீர் இறங்கும்போதுதான் இணைப்புகளின் லட்சணம் தெரியும்.

கண்ணை நம்பாதீர்கள். காய்ந்த பேப்பர் டவலை ஒவ்வொரு நட்டின் அடிப்பக்கமும் வைத்து அழுத்தி எடுங்கள். ஒரு கடுகளவு ஈரம் இருந்தாலும் தாளில் கறுப்பாகத் தெரியும். டிஷ்வாஷர் வாய், எல்போ மெஷினோடு சேரும் ரப்பர் வளையம், சுவர் அடாப்டர் ஆகியவற்றையும் விடாதீர்கள். அன்று இரவு கேபினட்டில் எந்தப் பொருளையும் திருப்பி அடுக்காமல், அடிப்பலகையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் டிஷ்வாஷர் ஒரு சுற்று ஓடி முடிந்தபிறகு தாளைப் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கும் நட்டைத்தான் நீங்கள் மறுபடி திறக்க வேண்டும்.